திருடன் உள்ளே வந்துவிட்டானா, அக்கா?

என் செல்வி அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுக் கண்மூடிப் போய் மூன்று மாதம் ஆகிறது. நம் காஹாங் ஊர் வீட்டு ரம்புத்தான் பழமரம் காய்த்துக் குலுங்குகிறது, பறிக்கத்தான் ஆளில்லை. நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். சிங்கப்பூர் கம்பெனியின் ஆஸ்பத்திரி மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தால், அந்த ஆங்கில எச்சரிக்கையை ரஷ்ய மொழியில் எழுதித் தருகிற வேலை. ரஷ்யாவில் குளிரில் விறைத்துப் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று, நீ பார்த்துவந்த இந்த வேலைக்குள் என்னை இழுத்துவிட்டவளே நீதானே?

பாதுகாப்பு ஓட்டைக்கு ரஷ்யர்கள் சொல்லும் சொல்லுக்குள் புண் என்ற பொருள் இருப்பதை முதல் நாளே காட்டினாய். "புண்ணு எங்கன்னு தெரியாம மருந்து போடாதடி" என்றாய். அன்றே ஒரு சட்டமும் போட்டாய். எழுதி முடித்ததும் நாலு மணிக்கு உனக்குப் போன் போட வேண்டும். என் ரஷ்ய எழுத்தை மட்டும் பார்த்து, கம்ப்யூட்டர் வார்த்தை ஒன்றுகூட வராமல், தமிழில் சொல்ல வேண்டும். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வாழைக்காய் வறுப்பாய். கடைசியில் ஒரே கேள்விதான்.

"திருடன் வெளிய நிக்கிறானா, உள்ள வந்துட்டானா?"

எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பேன்! இப்போது கேட்க ஆளில்லை. யாரிடமும் சொல்லாமலே அனுப்பிக்கொண்டிருந்தேன். உன் அடுப்படியைப் பார்க்கும் தைரியம் இல்லாமல், உன்னை இழந்து அந்த வீட்டில் தனியாக இருக்கும் உன் வீட்டுக்காரர் மாமாவைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. கோபமா, அக்கா?

போன வெள்ளிக்கிழமைதான் போனேன். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய எச்சரிக்கை லேப்டாப்பில் தயாராக இருந்தது. மாமா பால் விடாத தே ஓ டீ கலக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்னமா கலா, இன்னிக்கு எதுல ஓட்டை?"

சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். நோயாளிகள் விவரம் வைத்திருக்கிற அறையில் பூட்டு சரியில்லை மாமா, புதுப் பூட்டு போடச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"சரி, திருடன் வெளிய நிக்கிறானா, உள்ள வந்துட்டானா?"

உன் கேள்வியேதான், அக்கா! ஆங்கிலத்தைத் திறந்து பார்த்தேன். சில ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே புகுந்துவிட்டார்கள் என்று ஒரு வரி இருந்தது. என் ரஷ்யத்தில் அந்த வரியே இல்லை. அலமாக்! ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டியவள் ஒரு வரியையே விழுங்கியிருக்கிறேன். அப்படியே போயிருந்தால், அங்கே படிக்கிறவர்கள் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

திருத்தி அனுப்பிவிட்டு உன் அடுப்படியில் நின்று அழுதேன். மாமா வாசலிலேயே நின்றார்.

"அவ கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆயிருச்சு லா. நாலு மணிக்கு உன் போன் வரும்னு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மா" என்றார்.

மூன்று மாதமாக அவரைக் காக்க வைத்திருக்கிறேன், அக்கா. நான் என்ன மனுஷி?

இனி நாலு மணிக்கு அந்த வீட்டில் போன் அடிக்கும். மாமாவிடம் சொல்லாமல் ஒரு வரிகூட அனுப்ப மாட்டேன், இது உன்மேல் சத்தியம். ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன், நீயும் கேட்டுக்கொள்.

என்றும் உன் கேள்விக்குப் பயப்படும்
உன் தங்கச்சி,
கலா