வமிம்பியின் வயது

அன்பு மகள் நம்புயாவுக்கு, ம்பாலேயிலிருந்து உன் தந்தை ஜொனாத்தன் வெபுகுலு எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடும் தெளிவான புத்தியோடும் இருக்கிறோம். அந்தக் குளிர்தேசத்தில் நீயும் அவ்வாறே இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, என் வலக்கை மாவுக்கட்டில் இருக்கிறது, இடக்கையால் எழுதுகிறேன். அதை ஒடித்தவன் யார், ஏன் ஒடித்தான் என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம். உன் அத்தை தொலைபேசியில் சொன்னதில் பாதி அவளாகச் சேர்த்துக்கொண்டது.

மலைக்கிராமத்திலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வமிம்பி என்ற நோயாளி வயிற்றில் பெரிய கட்டியோடு வந்தான். வயது பதினெட்டு என்று தந்தை முகிடே சொன்னதால் பெரியவர்கள் பிரிவில் சேர்த்தார்கள். முற்றிய நிலையில் வரும் பெரியவர்களுக்கு அங்கே வேதனை குறைக்கும் மருந்து மட்டும்தான் தருகிறார்கள். குணமாக்கும் கடுமையான மருந்தேற்றம் பிள்ளைகள் பிரிவில்தான் நடக்கிறது. கட்டியின் செல்களை நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்தான். எட்டாம் குரோமோசோமும் பதினான்காம் குரோமோசோமும் ஒன்றின் துண்டை மற்றொன்று மாற்றிக்கொண்டிருந்தன. மற்ற யாவும் பழுதில்லாமல் இருந்தன. பிள்ளைகளிடம் நான் பெரும்பாலும் காண்பது இந்த ஒற்றை உடைப்பைத்தான். வயது ஏற ஏற அதனோடு வேறு உடைப்புகளும் சேர்ந்துகொள்கின்றன, பதினெட்டாம் குரோமோசோமும் முறிந்திருக்கும், சிலரிடம் எது எதன் துண்டு என்றே பிரித்தறிய முடியாது, மருந்துக்கும் அது எளிதில் பணியாது. ஆயினும் பெரியவனிடமும் ஒற்றை உடைப்பு இருக்கக்கூடும், ஆகவே அது வயதுக்குச் சான்றாகாது. எனக்குச் சந்தேகம் எழுந்தது, அவ்வளவே. சந்தேகம் எழுந்தால் விசாரிக்க வேண்டும் என்பது விதி.

விசாரித்தேன். தாய் நபிஃபோ என்னை நடைக்கூடத்துக்கு அழைத்து வந்து, "ஐயா, மெதுவாப் பேசுங்க. அவனுக்குப் பதினாலுதான் நடக்குது. கட்டி வந்ததும் அவங்க அப்பா பயந்துட்டாரு. நுனித்தோலை வெட்டிப் பையனை ஆம்பளையாக்குற இம்பாலு சடங்கை இந்த வருஷம் விட்டா அடுத்ததுக்கு ரெண்டு வருஷம் ஆகும், அதுக்குள்ள செத்தா சின்னப்பயலாத்தானே புதைப்பாங்க? அதான் இப்பவே கத்திக்கு முன்னாடி நிறுத்திட்டாரு. ஆம்பளையாயிட்டான்னு இங்கேயும் பதினெட்டுன்னே சொல்லிட்டாரு" என்று அழுதாள். சட்டப்படி தாயின் ஒப்புதல் போதும். பிள்ளைகள் பிரிவுக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன். ஆனால் வமிம்பி கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தான். "யாரைப் பையன்னு சொல்றீங்க? தோலை அறுக்கும்போது இமைகூட ஆடலை, ஊரே பார்த்துச்சு. பால்குடிப் பசங்களோட படுக்கச் சொன்னா ஓடிப்போயிடுவேன். எங்கப்பா சொல்லட்டும், அப்பப் பார்க்கலாம்" என்றான். ஆகவே தந்தைக்குச் சொல்லியனுப்பினேன்.

முகிடே மறுநாள் காலை கம்போடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தான். "எம்மவன் ரத்தம் சிந்தி ஆம்பளையானான். கண்ணாடிக்குள்ள பார்த்து அவனைத் திரும்பப் பயலாக்குறியா நீ? உன்னை வெட்டுனாங்களா இல்லையான்னு முதல்ல சொல்லுடா!" என்று கத்தினான். முதல் அடியில் நுண்ணோக்கி சிதறியது. இரண்டாவது அடி பிற நோயாளிகளின் செல்கள் வளர்ந்துகொண்டிருந்த பெட்டியின் மேல் விழுந்தது. மூன்றாவதைத் தடுக்கக் கையை நீட்டினேன். எலும்பு முறியும் ஓசையை வலிக்கு முன்பே கேட்டேன். கணவனின் காலைக் கட்டிக்கொண்ட நபிஃபோவின் நெற்றி பிளந்து, தரையெங்கும் கண்ணாடித் தூளோடு இரத்தம் கலந்தது.

அதற்குள் மருத்துவமனை வாசலில் சவாரிக்கு நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் புகுந்து அவனை முற்றத்துக்கு இழுத்துப்போய்க் கல்லால் அடித்தார்கள். பற்கள் தெறித்தன. ஒருவன் டயரை உருட்டி வந்தான், ஒருவன் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்தான். "இவனும் வெட்டுப்பட்டவன்தானேடா, இமைக்காம எரியறானான்னு பார்த்துடுவோம்!" என்று எவனோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, மகளே. நான் போய் அந்த டயரின் மேல் உட்கார்ந்துகொண்டேன். "இவன் பேச்சுக்குத்தான் அந்தப் பிள்ளை கட்டுப்படும். இவனை எரிச்சா அவனையும் சேர்த்து எரிக்கிறீங்க. போலீசைக் கூப்பிடுங்க" என்றேன். "எந்திரிங்க டாக்டர், உங்க சட்டையும் பத்திக்கும்" என்றான் பெட்ரோல் வைத்திருந்தவன். போலீஸ் வரும்வரை நான் எழவில்லை.

முகிடே இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறான். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி உன் அத்தை நச்சரிக்கிறாள். பெறமாட்டேன், நீயும் அவளுக்கு ஒத்து ஊதாதே. வமிம்பி இன்னும் ஊசிக்குக் கைநீட்டவில்லை, கட்டியோ நாளுக்கு நாள் பருக்கிறது, இவ்வகை காத்திருக்காது. உன் அம்மா அனுப்பிய உலர்ந்த மூங்கில் குருத்து வந்ததா? இரவெல்லாம் ஊறவைத்து நிலக்கடலை அரைத்து ஊற்று, அவசரப்பட்டால் கசக்கும். காதை மூடாமல் வெளியே போகாதே. உனக்கு நீண்ட ஆயுளும் அஞ்சாத நெஞ்சும் வாய்க்கட்டும்.

இக்கடிதத்தை ஒட்டிவிட்டு நான் காவல் நிலையத்துக்குப் போகிறேன். விலங்கோடேனும் முகிடேயை மகனின் கட்டிலுக்கு அழைத்துவர அதிகாரி இசைந்திருக்கிறார். அங்கே அவன் சொல்ல வேண்டியதை வழியில் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பேன்: "ஆம்பளை நீதான்டா மகனே, உன் வயித்துல இருக்கிற கட்டிதான் சின்னப்பய. அதை அடிக்கிற மருந்து அந்த வார்டுலதான் இருக்கு." நுண்ணோக்கியில் நான் பார்த்த வரையில் அந்தக் கட்டியில் இருந்தது பிள்ளைகளிடம் காணும் ஒற்றை உடைப்புதான், ஆகவே இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவன் அதைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

உன் தந்தை,
ஜொ. வெபுகுலு