சமையலறை வாசலில் நான்கு டைல்ஸ்

ஜூன் 9, திங்கள்

காலையில் மகன் போன். அதே பல்லவி. "வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடும்மா. தனியா இருந்து இன்னொரு தடவை விழுந்தா என்ன பண்ணுவே?"

கையில் கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகிறது, வாஸ்தவம். ஆனால் என்னை விழவைத்தது என் அறுபத்து மூன்று வயது இல்லை. சமையலறை வாசலில் பெயர்ந்து ஆடுகிற நான்கு டைல்ஸ். சொன்னால் கேட்கிறானா? கோபம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வந்து மிதிச்சுப் பாரு. ஒண்ணு ஆடினாலும் பெட்டியைக் கட்டிட்டு உன் பின்னாலேயே வரேன். ஆடலைன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது" என்றேன். சரி என்றான். சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கட்டும்.

கொத்தனார் நாலு டைல்ஸுக்கெல்லாம் வரமாட்டாராம். போகட்டும். எனக்கென்ன கை இல்லையா? ஒன்றரை கை இருக்கிறது.

ஜூன் 10

ஹார்டுவேர் கடை. டைல்ஸ் ஒட்ட என்ன இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீரில் கலக்குகிற சிமென்ட் பவுடர், டப்பாவில் கலந்தே வருகிற பசை, பிதுக்குகிற குழாய் — மூன்றையும் கடைக்காரர் எடுத்து வைத்தார். பிறகு, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? பவுடர் கலக்குறதெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. டப்பாவை எடுத்துக்குங்க, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சை வளர்க்கப் பிடிக்காமல் டப்பாவை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் நான்கையும் ஒட்டியாயிற்று. பெருமையாக இருக்கிறது, மறைப்பானேன்?

ஜூன் 11

மிதிக்கவில்லை. சமையலறைக்குள் போக வழியில்லாததால் பிஸ்கட், வாழைப்பழம்.

ஜூன் 12

மிதித்தேன். வழுக்குகிறது! கட்டைவிரலால் தள்ளினாலே நகர்கிறது. நெம்பி எடுத்தால் அடியில் பசை வைத்தது வைத்தபடி, நிஜமாகவே வெண்ணெயாக. டப்பாவைத் திருப்பினேன். பொடி எழுத்தில்: சுவருக்கு மட்டும். காற்றுப் பட்டால்தான் காயுமாம். தரையில் அவ்வளவு பெரிய டைல்ஸுக்கு அடியில் காற்று எங்கிருந்து வரும்?

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. "லேபிளைப் படிக்காம பாட்டிலைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்று எத்தனை பிள்ளைகளை மிரட்டியிருப்பேன்! அறிவு கெட்டவளே, உன் கண்ணு எங்கேடி போச்சு? கடைக்காரன் மேல இருந்த கோபம் மறைச்சிடுச்சு. அழுகையா வருது. அப்போ பெட்டியைக் கட்டணுமா?

மாட்டேன். இன்னும் மூணு நாள் இருக்கு.

ஜூன் 13

டப்பாவைக் கடை மேஜையில் டொக்கென்று வைத்தேன். "தரையா சுவரான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்களும் சொல்லலையேம்மா."

நியாயம்தான். அதை அவரிடம் ஒத்துக்கொள்வேனா? "இப்போ சொல்றேன். தரை. தண்ணி படுற இடம். பவுடரைக் குடுங்க." பையின் பின்பக்கத்தை அங்கேயே நின்று கடைசி வரி வரை படித்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

பசையையும் அதற்கடியில் இருந்த பழைய சிமென்ட்டையும் சுரண்டவே மதியமாகிவிட்டது. கலந்து, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி கலக்கி, பல் வைத்த கொத்துக்கரண்டியால் தரையில் இழுத்துப் பரப்பி, டைல்ஸை ஒவ்வொன்றாக அமுக்கி ரப்பர் சுத்தியலால் தட்டி... இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. ஒரு நாள் முழுக்க மிதிக்கக் கூடாது.

ஜூன் 14

மறுபடியும் பிஸ்கட். மறுபடியும் வாழைப்பழம்.

ஜூன் 15, ஞாயிறு

மகனும் மருமகளும் வந்தார்கள். செருப்பைக் கழற்றினானோ இல்லையோ, நேரே போய் மிதித்தான். குதித்தான், எண்பத்தைந்து கிலோவும்! குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். எதுவும் அசையவில்லை.

"யாரும்மா போட்டது?"

"ஒன்றரை கை."

மருமகள் கைதட்டியே விட்டாள். அவன் முகம்தான் தொங்கிப்போயிற்று. "பயமா இருக்கும்மா, அதான் கூப்பிட்டேன்" என்றான். எனக்கும்தான்டா பயம் என்றேன். பயத்துக்காக வீட்டைப் பூட்ட முடியாது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. மூன்று பேரும் சமையலறையில் நின்றே காபி குடித்தோம்.

ஜூலை 6

மகன் போன். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "அம்மா, எங்க பாத்ரூம் கிட்ட ரெண்டு டைல்ஸ் ஆடுது. என்ன பசை வாங்குறது?"

"தரையா சுவரா?"

"தரை. இல்லம்மா... நீயே வந்து போட்டுக் குடேன்."

பெட்டியைக் கட்டிவிட்டேன். பல் வைத்த கரண்டி, ரப்பர் சுத்தியல், மூன்று நாளைக்கு மாற்றுத் துணி. திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடு என்றேன். எடுத்துவிட்டானாம்.