பெருக்கல் குறி போட்ட வட்டம்

மார்ச் 3, திங்கள்

ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, என் வழுக்கைத் தலைமேல் சத்தியமாக இதை எழுதத் தொடங்குகிறேன்: கார் கழுவும் இயந்திரங்கள் எப்போது என்ன செய்யவேண்டும் என்று பதினேழு வருடமாக யுஎம்எல் படம் வரைந்து உலகைக் காத்துவந்த சக்கரவர்த்தியாகிய நான், இன்று ஒரு சின்ன வட்டத்திடம் தோற்றேன்.

வரைந்தவர் தங்கை வீட்டுக்காரர். ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தவரை நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். இன்னும் சோதனைக் காலம்தான். 'கழுவுதல்' என்று பெட்டி போட்ட பெரிய நிலையை விட்டு வெளியேற என் படத்தில் ஒரே ஒரு அம்பு. மாப்பிள்ளையோ அந்தப் பெட்டியின் விளிம்பில் மூன்று எக்ஸிட் பாயிண்ட் வைத்திருக்கிறார். பெருக்கல் குறி போட்ட வட்டங்கள்: வேலை முடிந்தது, நிறுத்தச் சொன்னார்கள், தண்ணீர் தீர்ந்தது. எதனால் வெளியேறுகிறதோ அந்த வாசல்.

மேனேஜர் உருகிவிட்டார். "இத்தன வருஷமா இது யாருக்குமே தோணலயே!"

யாருக்குமே என்றால்? என் பெயரைச் சொல்லிவிடவேண்டியதுதானே!

மார்ச் 4

சரிபார்க்கும் வேலை என்னுடையது. மாட்டினார்! மூன்றாவது வட்டத்துக்கு உள்ளிருந்து அம்பு வருகிறது, வெளியே போக அம்பு இல்லை. தண்ணீர் தீர்ந்தால் இயந்திரம் அங்கேயே நிற்கும், கதவு திறக்காது. தப்பைக் கண்ட இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பது என் பழக்கம். கை தானாக வைத்துவிட்டது.

சொல்லவேண்டும்.

சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 5

மாப்பிள்ளைக்கு ஜன்னலோர மேஜை. நான் அதைக் கேட்டு ஒன்பது யுகம் ஆகிறது. என் வயிற்றெரிச்சலில் ஊருக்கே உலை வைக்கலாம்.

மார்ச் 6

தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவரு படத்த நீங்களே சரிபாத்துட்டீங்களாமே? நேத்துதான் மனுஷன் நிம்மதியா தூங்குனாரு."

"ம்" என்றேன். மனுஷனா நான்?

மார்ச் 7

இயந்திரத்தை வாங்க வந்தவர் முன்னால், மாப்பிள்ளை படத்தின்படி சோதனை ஓட்டம். வெளியே நின்று வேடிக்கை பார்க்க நினைத்திருந்தேன். "பக்கத்துல நீங்க இருந்தா தைரியமா இருக்கும் மச்சான்" என்று காருக்குள் இழுத்துவிட்டார்.

சோப்பு போட்டதும் தொட்டி காலி. கதவு மூடியபடியே நின்றது. நுரைக்குள் நாங்கள் இருவர்.

"உங்க கண்ணுக்கே தப்பிடுச்சுன்னா... நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல மச்சான். வீட்ல என்ன சொல்வேன்?"

மெக்கானிக் கதவைத் திறக்க இருபது நிமிடம். மேனேஜர் அவர் பக்கம் திரும்பும் முன் நான் முந்திக்கொண்டேன்: "சரிபாத்தது நான் சார். தப்பு என்னோடது."

"பெரிய மனசு உங்களுக்கு" என்றார் மேனேஜர். பதினேழு வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு.

மார்ச் 16, ஞாயிறு

தங்கை வீட்டில் சாப்பாடு. நாற்பது நாள் சிறையிருந்தோம், நுரையில் திமிங்கிலம் நீந்தியது, தப்பு இருப்பது எனக்கு முன்பே தெரியும் என்று அளந்துவிட்டேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். "மாமா, எல்லாம் புளுகு!"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்: "மாப்ள, அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் உண்மை."

"தெரியும் மச்சான். உள்ள மாட்டிக்கிட்ட அன்னிக்கே தாளை எடுத்துப் பாத்தேன். உங்க பென்சில் புள்ளி இருந்துச்சு."

ஒன்பது நாள் தெரிந்தும் மூச்சு விடவில்லை. எனக்கு மூன்று நாளே தாங்கவில்லை. பாவி மனுஷன், இதிலும் என்னை ஜெயித்துவிட்டார்.