நூற்றுப் பத்தொன்பது நாள்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். வானம் மூடிக்கொண்டு வந்தது, மழை வராமலே போனது.

செய்ய வேண்டியவை: பைக்குக்கு ரோட் டேக்ஸ். செல்விக்குச் சர்க்கரை மாத்திரை. கோயில் கூட்டத்துக்கு அறிக்கை. ரோட் டேக்ஸ் மட்டும் முடிந்தது.

கடிதம் வந்துவிட்டது. மகள் தர்ஷினியின் குடியுரிமை மனு, மூன்றாவது. இரண்டு வருடம் ஒன்பது மாதம் காத்திருந்ததற்கு நான்கு வரி. நடுவில் ‘திடாக் பெர்ஜாயா’. வெற்றி பெறவில்லையாம். ஏதோ ஓட்டப்பந்தயத்தில் தோற்றவள் மாதிரி. காரணம் போடவில்லை. போடத் தேவையும் இல்லை, காரணம் நான்தான்.

“என்னங்க போட்டிருக்கு?” என்றாள் செல்வி. அவளுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது.

“இன்னும் பாக்கறாங்களாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கடிதத்தை பைக் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

தூக்கம் இல்லை. பழையதெல்லாம் மறுபடி ஓடியது.

எங்கள் கல்யாணம் கிள்ளானில், கோயிலில். நானூறு பேருக்குச் சாப்பாடு. மேளம், வீடியோ, வாசலில் வாழை மரம். அரசாங்கத்தில் பதிய மட்டும் எனக்கு நேரமில்லை. “ஊரே பாத்தாச்சு, இனி என்னடா பேப்பர்?” என்றார் பெரியப்பா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. செல்வி புதுக்கோட்டையிலிருந்து வந்தவள், அவளுக்கு அங்கிருந்து வேறு பத்திரங்கள் வரவேண்டும். சோம்பல். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தர்ஷினி பிறந்து நூற்றுப் பத்தொன்பதாம் நாள் போய்க் கல்யாணத்தைப் பதிந்தோம். சட்டத்தின் கணக்கில் அவள் பிறந்த அன்று எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதனால் அப்பா நாடு அவளுக்கு இல்லை. அம்மா நாட்டுத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிந்திருக்க வேண்டுமாம், அதுவும் செய்யவில்லை. பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகள் அல்ல’. நான் அதைச் சரியாகப் படித்தபோது அவளுக்கு ஆறு வயது, பள்ளியில் சேர்க்கப் போன அன்று.

கோயிலில் செயலாளர் ஆனதும் முதல் வேலையாக ஒரு விதி கொண்டுவந்தேன். பதிவுச் சான்றிதழ் காட்டாமல் இங்கே தாலி கட்ட முடியாது. பெரிய சண்டை. “சாமிக்கு எதுக்குடா சர்டிபிகேட்?” என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனார். நான் விடவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஜோடிகள் உண்டு. ஒரு பெண் அழுதாள், அடுத்த மாதம் பதிந்துவிட்டு வந்தாள். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

ஜூலை 10, புதன்

ஓவர்டைம். ஃபோர்க்லிஃப்ட் பிரேக் சரியில்லை, சொன்னாலும் கேட்பாரில்லை. கேன்டீனில் பின்னால் யாரோ, “நம்ம தலையெழுத்து அப்படி லா, விடு.” எதைப் பற்றி என்று தெரியாது. எனக்குக் கோபம் வந்தது.

தர்ஷினி பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையிலிருந்து ஏழு மணிக்கு வந்தாள். பைக் சாவி வாங்கிக்கொண்டு முட்டை வாங்கப் போனாள். மழைக்கோட்டு எடுக்க சீட்டைத் தூக்கியிருக்கிறாள். முட்டையோடு கடிதமும் வந்தது.

“என்கிட்ட ஏன்ப்பா மறைக்கிறீங்க?”

“நவம்பர்ல உனக்கு இருவத்தொண்ணு. அதுக்கப்புறம் இந்த வழியே கிடையாது. அதுக்குள்ள இன்னொண்ணு போட்டுடலாம்மா. ஒரு லாயரைக் கேட்டிருக்கேன்.”

“போதும்ப்பா. பன்னெண்டு வயசுலேர்ந்து லைன்ல நிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்க நல்ல சட்டை போட்டுக்கிட்டு வரீங்க. அந்த ஆபீசருக்கு சிரிக்கிறீங்க. என்னால அதைத்தான் பாக்க முடியல.”

முட்டை பொரித்தாள், சாப்பிட்டோம். அடையாள அட்டை, ஐசி, அவளுக்குக் கிடையாது; போலீஸ் மறித்தால் காட்ட பிறப்புப் பத்திர நகலை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறாள். ஓரம் பிய்ந்துவிட்டது, புதிதாக எடுக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

மழை, ஒருவழியாக.

சுரேன் என்பவன் தன் அம்மாவோடு தர்ஷினியைப் பெண் கேட்டு வந்தான். செமினியில் டயர் கடையில் வேலை. நல்ல பையன், செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்கிறான். இரண்டு வருடமாகப் பழக்கமாம். செல்விக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் ஒரு கடிதத்தைக்கூட மறைக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

அந்த அம்மா ஒரு அதிரசம் தின்றுவிட்டுச் சொன்னார்:

“ஐசி இல்லாட்டி என்னங்க? பொண்ணு தங்கமான பொண்ணு. கோயில்ல தாலி கட்டிருவோம். பதிவெல்லாம் பின்னால பாத்துக்கலாம்.”

பெரியப்பா செத்துப் பத்து வருடம். குரல் அப்படியே.

தண்ணீர் குடிப்பதுபோல் அடுப்படிக்குப் போய் நின்றேன். பதிய முடியாது. ஐசி இல்லாதவளின் கல்யாணத்தைக் கவுண்டரில் வாங்க மாட்டார்கள், கேட்டுப் பார்த்தாகிவிட்டது. பதியாமல் பிள்ளை பிறந்தால், சுரேனுக்கு ஐசி இருந்தும் பிள்ளைக்கு இல்லை. நான் செய்தது சோம்பல். இவர்களுக்கு வேறு வழியில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூடத்தில் சுரேன், “உங்க கோயில் ரூல் தெரியும் அங்கிள். முடியலன்னா டெங்கில்ல எஸ்டேட் கோயில் இருக்கு. அங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

செல்வி சந்தோஷத்தில் அழுதாள். நான் மாப்பிள்ளைக்கு இன்னொரு அதிரசம் வைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

கோயில் கூட்டம், பி.ப. 3. விசிறி ஓடவில்லை. பேசியவை: கூரை ஒழுகல். ஆடி வெள்ளிக் கூழ். என் மகள்.

தலைவர் ராஜு அண்ணன் முடித்துவிட்டார். “உன் பொண்ணுதானே. கண்ணை மூடிக்கிறோம் லா. ஆவணியில முதல் முகூர்த்தத்தை எடுத்துக்க.”

யாராவது ஒருவர் எதிர்ப்பார் என்று காத்திருந்தேன். அன்று நாற்காலியைத் தள்ளியவர்கூட என் தோளைத் தட்டினார். “இப்ப புரியுதா தம்பி?” அவமானமாக இருந்தது. விதி போட்டவனுக்கே விதிவிலக்கு. அழுத அந்தப் பெண்ணின் முகம் மட்டும் ஞாபகம் வருகிறது, பெயர் வரவில்லை.

ஜூலை 15, திங்கள்

வேலைக்கு லீவு சொன்னேன். தலைவலி என்று.

கோயில் மண்டப முன்பதிவுப் படிவம் சாப்பாட்டு மேசையில். மணமகள் பெயர் எழுதினேன், மணமகன் பெயர் எழுதினேன். மூன்றாவது கட்டம் பதிவுச் சான்றிதழ் எண். நானே சொல்லி அச்சடித்த கட்டம், மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. பேனாவை வைத்துவிட்டேன்.

தர்ஷினி வேலைக்குக் கிளம்பி நின்றாள். “என்னப்பா, எழுதறீங்களா? இல்ல டெங்கில்லயே பாத்துக்கவா?”

“நவம்பர் வரைக்கும் பொறும்மா. இன்னொரு தடவை...”

“நீங்க போடுங்க. கையெழுத்து கேட்டா போடறேன். ஆனா அதுக்காக காத்திருக்க மாட்டேன்.”

“ஒரு பிள்ளை பொறந்தா என்ன செய்வே? யோசிச்சியா?”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்:

“அதுக்கு நான் அலையறேன்ப்பா. நீங்க எனக்கு அலைஞ்ச மாதிரி.”

எட்டு மணி ரயிலுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது கட்டத்தில் கோடு இழுத்தேன். கீழே, செயலாளர் என்ற இடத்தில், என் கையெழுத்து.