காணாமல் போன ஏழாம் அத்தியாயம்

மல்லேஸ்வரம்,
பெங்களூரு.

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

அம்மா நிறைய ஆசீர்வாதங்களோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம், இதற்கு முன்னால் போனில் சொன்னதெல்லாம்தான் பாதிப் பொய். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஷ்ரேயாஸும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். டப்ளினில் மத்தியானம் தாண்டினால் இருட்டு என்று சொன்னாய், குழந்தையை வெளியே அழைத்துப் போகும்போது காதை மூடி அழைத்துப் போ. இங்கேயும் குளிர்தான், அப்பா வீட்டுக்குள்ளேயே குல்லாய் போட்டுக்கொண்டு உலாத்துகிறார், காலிங் பெல் அடித்தால் மட்டும் கழற்றி ஒளித்துவைக்கிறார். அவரைக்காய் வந்துவிட்டது, எட்டாவது கிராஸ் தெரு முழுக்க அந்த வாசனைதான். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொண்டு இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டுவிடுகிறேன்.

நான் எழுத வந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுநடுவே கேள்வி கேட்பாய், வீடியோவில் என் முகத்தைப் பார்த்து நீயாக ஒரு முடிவுக்கு வருவாய், அப்பா பின்னால் நின்றுகொண்டு திருத்தம் சொல்வார், கடைசியில் நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன், நீ ஊருக்குப் போகுமுன் வாங்கி வைத்துவிட்டுப் போன அதே கம்ப்யூட்டரில்தான். விஷயமும் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான், பாதி அதைப் பற்றி, பாதி என்னைப் பற்றி.

மமதா என்று ஒரு பெண்ணுக்கு நான் பாடப் புத்தகம் படித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, இங்கே அடுகோடியில் இருக்கிற பெண், வக்கீலுக்குப் படிக்கிறாள், பிறவியிலேயே கண் தெரியாது. கம்ப்யூட்டரே படித்துக் காட்டுமாமே என்று நீ கேட்டாய். காட்டும், ஆனால் அவளுடைய சொத்துரிமைச் சட்டப் புத்தகம் பழைய அச்சு, மிஷின் அடிக்குறிப்பையும் பாடத்தையும் ஒன்றாகப் பிசைந்து படிக்கிறது, கேட்டால் தலைதான் சுற்றுகிறது ஆண்ட்டி என்றாள். அதனால் காலையில் சமையலை முடித்து, ஃபேனை நிறுத்தி, கீரைக்காரன் சொப்பு சொப்பு என்று கத்துகிற ஜன்னலைச் சாத்திவிட்டு நான் படிக்க உட்காருவேன். ஸ்கூலில் இத்தனை வருஷம் கத்திய தொண்டைக்கு இது ஒரு வேலை. சொல்லப்போனால் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டரைப் போட்டால், என் அக்கவுன்ட்டுக்குள் போக முடியவில்லை என்று ஒரு அறிவிப்பு வந்தது. திறந்ததும் பார்த்தால் ஷ்ரேயாஸ் போட்டோ இல்லை, என் ஃபோல்டர்கள் இல்லை, புதுசாக வாங்கிய அன்றைக்கு இருந்த நீலத் திரை. கம்ப்யூட்டர் கடைப் பையன் வெங்கியைக் கூப்பிட்டேன், அவன் வந்து எனக்குப் புதுசாக ஒரு அக்கவுன்ட் போட்டு, பழைய சாமான்களை எல்லாம் அதற்குள் மாற்றிக் கொடுத்தான். கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. வைரஸாக இருக்கும் என்று தேடினான், இல்லை. டிஸ்க் போய்விட்டது என்று சோதித்தான், அது கல்லு மாதிரி இருந்தது. மறுபடி ஒரு அக்கவுன்ட். இப்படியே திரையில் ருக்மிணி, ருக்மிணி நியூ, ருக்மிணி நியூ டூ என்று வரிசையாக நின்றோம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றையே சமாளிக்க முடியவில்லை, இன்னும் இரண்டா என்றார். முதலில் நானும் சிரித்தேன்.

ஏழாம் அத்தியாயத்தில்தான் என் சிரிப்பு நின்றது. குத்தகைக்கும் வெறும் அனுமதிக்கும் என்ன வித்தியாசம் என்கிற பாடம், நீளமானது, மமதா அதற்காகத்தான் காத்திருந்தாள், பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதை முழுக்க உட்கார்ந்து படித்து முடித்தேன். முடித்து, சேமித்து, டெஸ்க்டாப்பில் அந்த ஃபைல் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். மறுநாள் அனுப்பலாம் என்று பார்த்தால் அக்கவுன்ட் மறுபடி மக்கர். வெங்கி வந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தான், ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா அத்தியாயமும் இருந்தது, ஏழு மட்டும் இல்லை. அவன் மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு, அப்படி ஒரு ஃபைல் இந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததற்கான தடயமே இல்லை ஆண்ட்டி, நீங்க படிக்கணும்னு நினைச்சிட்டு மறந்திருப்பீங்க என்று பதமாகத்தான் சொன்னான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், கனவில் படித்திருப்பாய் என்றார்.

அவருக்கு அது ஒரு கேலி. எனக்கு அப்படி இல்லை ஸ்வர்ணா. மைசூர் பெரியம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். பண்ணாததைப் பண்ணினேன் என்பாள், சத்தியம் செய்வாள், நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். கடைசியில் நான் போய் எதிரே உட்கார்ந்தால், நீங்க யாரு, உங்களுக்கு யார் வேணும் என்று மரியாதையாகக் கேட்டாள். கூடப் பிறந்தவளுக்கு வந்தது எனக்கு வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அன்றிலிருந்து எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. காஸை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன், படுத்த பிறகு மறுபடி போய்ப் பார்ப்பேன். மமதாவிடம், படிக்கவே இல்லையம்மா, மறந்துவிட்டேன் என்று சொன்னேன், சொல்லும்போது அதுதான் உண்மை என்றும் தோன்றியது. நீ போன் பண்ணும்போது ஷ்ரேயாஸ் போன வாரம் சொன்னதை நீ திரும்பச் சொன்னால்கூட, முன்பே சொன்னாயா இல்லையா என்று தெரியாமல் பயந்துபோய் சமாளிப்பேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து நிற்பாய். அப்பாவிடமும் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஞாபகமறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருந்தேன்.

இனிமேல்தான் நல்ல செய்தி. உன் அப்பா மின் ஆய்வாளராக இருந்து எரிந்த வீடுகளாகப் பார்த்துப் பார்த்து, வீட்டைப் பூட்டும்போதெல்லாம் மெயினை இறக்கிவிட்டுத்தான் படி இறங்குவார், ஃபிரிட்ஜில் பால் இருந்தாலும் சரி. அது உனக்குப் புதுசில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே காய்கறி வாங்கிக்கொண்டு வருவோம், பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும், அதுவும் உனக்குப் புதுசில்லை. நானோ இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று கடைசி நிமிஷம்வரை படித்துவிட்டு, ஷட் டவுனை அமுக்கிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டே ஓடுவேன். இரண்டு வெள்ளிக்கிழமை முன்னால் அப்படி அமுக்கிவிட்டுச் செருப்பு மாட்டப் போனவள், கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தேன். கம்ப்யூட்டர் இன்னும் அணையவில்லை, நிறுத்திவிடாதீர்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதி ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது வாசல் பக்கம் டக்கென்று ஒரு சத்தம், சக்கரம் பாதியில் நின்று திரை கறுப்பாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா கையில் பூட்டோடு மெயின் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு, மணி ஆகுது ருக்கு, என்ன நின்னுட்டே என்கிறார்.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அவர் இறக்கிய மெயின் ஒன்றும் செய்யாததற்கு நீ வாங்கி வைத்திருந்த யூபிஎஸ்தான் காரணம், மெயின் போனாலும் அது கம்ப்யூட்டரைத் தாங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி பழசாகி அது சும்மா சும்மா கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்ததும், தலைவலி என்று மழைக்காலத்தில் கழற்றிப் பரணில் போட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. வாசலிலேயே சண்டை. அவர் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை, கரென்ட் போனால் விளக்கு அணையும், அக்கவுன்ட் எப்படி அணையும் என்று சட்டம் பேசினார். வெங்கிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவன் கேட்டுவிட்டு, அங்கிள், கம்ப்யூட்டர் ஆண்ட்டியோட அக்கவுன்ட்டை எழுதி மூடிக்கிட்டிருக்கும்போது கரென்டைப் பிடுங்கினா அது பாதி எழுத்தோட கெட்டுப்போகும், இத்தனை நாளா நான் பேயைத் தேடிக்கிட்டிருந்தேன், பேய் உங்க வீட்டு வாசல்லயே நின்னுட்டிருக்கு என்றான்.

நான் விடவில்லை, அப்படியானால் என் ஏழாம் அத்தியாயம் எங்கே என்று கேட்டேன். அதை எப்போ படிச்சீங்க, அந்த அறிவிப்பு வர்றதுக்கு முன்னாலயா பின்னாலயா என்றான். பின்னால்தான், அறிவிப்பு வந்தது, அதை மூடிவிட்டு, உன்னை நாளைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நேரே படிக்க உட்கார்ந்துவிட்டேன் என்றேன். மறுமுனையில் அவன் தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. சொந்த அக்கவுன்ட் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் தற்காலிகமாக ஒன்றைக் கொடுக்குமாம், கல்யாண சத்திரத்தில் கொடுக்கிற ரூம் மாதிரி. அதில் என்ன வைத்தாலும் நாம் காலி செய்து கிளம்பியதும் பெருக்கித் தள்ளிவிடுமாம், தடயம்கூட இருக்காதாம். ஆண்ட்டி நீங்க படிச்சிருக்கீங்க, சேவ்வும் பண்ணியிருக்கீங்க, எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க, நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்காம விட்டுட்டேன் என்றான். போனை வைத்துவிட்டு நான் அங்கேயே சோபாவில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பயந்துபோய், ஒரு பாடம்தானே, மறுபடி படிச்சால் போச்சு என்றார். பாடத்துக்கு யார் அழுதது என்று அப்போதுதான் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன், பெரியம்மா, டாக்டர், காஸ் அடுப்பு எல்லாம்.

சாயங்காலம் இருவரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது அப்பா தானாகவே, குத்தகை என்றால் இடத்தின் மேல் உரிமை வரும், அனுமதி என்றால் இருந்துவிட்டுப் போகலாம், உரிமை வராது, அதுதானே அந்தப் பாடம் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். நீ உள்ளே படித்தாய், நான் ஹாலில் கேட்டுக்கொண்டிருந்தேன், அது எந்த அத்தியாயம் என்று எனக்கென்ன தெரியும் என்றார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே! காதால் கேட்ட மனுஷர், கனவில் படித்தாய் என்று சொல்லி இத்தனை வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாரே என்று அவரைக் கூடையோடு வெளியே தள்ளலாம் போலிருந்தது. ஆனால் கோபம் பாதியிலேயே கரைந்துபோய்விட்டது. நான் படித்ததற்குச் சாட்சி ஒருவர் இருக்கிறார் என்பதே போதும் என்று ஆகிவிட்டது.

இப்போது யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. வெங்கி பழைய ருக்மிணிகளை எல்லாம் அழித்துவிட்டு ஒரே அக்கவுன்ட்டாகச் செய்து கொடுத்திருக்கிறான், கெடவே இல்லை. போன வெள்ளிக்கிழமை நான் ஷட் டவுன் கொடுத்தேன், அது பாட்டுக்கு அப்டேட் என்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. யூபிஎஸ் இருக்கிறது, நீங்கள் மெயினை இறக்கலாம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, கம்ப்யூட்டர் முன்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்தரை அடித்தது, ராகுகாலம் பிறந்தது, அப்போதும் நின்றார். பெட்டியில் கடைசி விளக்கு அணைந்த பிறகுதான் மெயினை இறக்கினார், வாசல் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்காக ராகுகாலத்தில் படியிறங்கியது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிக் காட்டினால் வெட்கப்படுவார். நீயும் போனில் இதைக் கேட்டுவிடாதே.

அந்த டாக்டர் அப்பாயின்ட்மென்டை ரத்து செய்துவிட்டேன். திட்டாதே, நீ வந்திருக்கும்போது வேண்டுமானால் இருவரும் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம், நான் மறுக்கவில்லை. இனிமேல் எதையும் மறைக்கவும் மாட்டேன். நீயும் உடம்புக்கு ஏதாவது என்றால் எனக்குச் சொல்லு, அம்மா பயந்துவிடுவாள் என்று உள்ளே வைத்துப் பூட்டாதே, பூட்டிவைத்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். உன் கம்ப்யூட்டரில் இருக்கிற குழந்தை போட்டோவை எல்லாம் வேறு ஒரு இடத்திலும் போட்டு வை. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். ஷ்ரேயாஸுக்கு என் முத்தங்கள். மூன்று பேரும் ஆரோக்கியமாக, மனசில் பாரம் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஏழாம் அத்தியாயத்தை மறுபடி உட்கார்ந்து படித்து மமதாவுக்கு அனுப்பினேன், பரீட்சையில் அதிலிருந்துதான் பெரிய கேள்வி வந்ததாம், நன்றாக எழுதியிருக்கிறாளாம். நேற்றுப் போன் பண்ணியபோது ஒன்று சொன்னாள். ஆண்ட்டி, கொஞ்ச நாளா நீங்க அனுப்பினதுல எல்லாம் ஒரு வரியைப் படிச்சிட்டு, நிறுத்தி, மறுபடியும் அதே வரியைப் படிப்பீங்க, எனக்காகத்தான் அப்படிப் படிக்கிறீங்கன்னு நினைச்சேன், இந்த ஏழாவதுல ஒரு இடத்துலகூட நீங்க திரும்பிப் பார்க்கலையே என்றாள். நான் அப்படிப் படித்துக்கொண்டிருந்தேன் என்றே எனக்குத் தெரியாது ஸ்வர்ணா. ஆமாம்மா, திரும்பிப் பார்க்கவில்லை என்றேன்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா,
ருக்மிணி சேஷகிரி