நாற்பத்திரண்டு கேள்விகள்

திருப்பூர்
5.11.2006, ஞாயிறு

அன்புள்ள சாரதாவுக்கு,

மணியன் எழுதுவது. எனக்கு உடம்பு பரவாயில்லை, இரத்த அழுத்தம் பழையபடியே நிற்கிறது. அங்கே நீயும் உன் அண்ணனும் நஞ்சம்மாள் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். உன் அண்ணன் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. நான் பேசுவதைப் பத்துப் பேர் கேட்பதாகத் தோன்றி, கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, மழை பெய்ததா என்று கேட்டு வைத்துவிடுகிறேன்.

ஒரு செய்தி. யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியமும் செய்து எனக்குப் பழக்கமில்லை. பனியன் கம்பெனியில் என்னோடு குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்த சசிகுமார், கோவையில் ஓர் அலுவலகத்தில் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறான். கடை முதலாளிகள் அந்த அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டால், அது எங்களைப் போன்றவர்களைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரிக் கடைக்கு அனுப்பும். விற்பனையாளர் எப்படி நடந்துகொண்டார் என்று நாற்பத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். மிஸ்டரி ஷாப்பர் என்கிறார்கள். நாம் யார் என்று கடையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அறிக்கை செல்லாது, வேலையும் போய்விடும்.

முதல் கடையிலேயே மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பனியனைக் கையில் வாங்கியதும், என்னை அறியாமல் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்த்து, கழுத்துப் பட்டை ரிப்பையும் இழுத்துவிட்டேன். முப்பத்தோரு வருடப் பழக்கம் எங்கே போகும். அந்தப் பெண், “ஏனுங்க, எந்தக் கம்பெனிங்க நீங்க? சரக்கு லாட்டு பாக்க வந்தீங்களா?” என்றாள். “மருமகனுக்குங்க” என்று சமாளித்தேன். அன்றிலிருந்து ஒரு கையில் பை, ஒரு கையில் குடை. சட்டைப் பையில் பேனா வைப்பதில்லை. கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போய், வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும், அந்தப் பெண் சிரித்துக்கொண்டு வரவேற்றாளா, வரவேற்ற பின் சிரித்தாளா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

அண்ணிக்குக் கால் முறிந்தது, பதினைந்து நாள் என்று சொல்லி ஆடியில் போனாய். தீபாவளிக்கு இரண்டு நாள் வந்துவிட்டு மறுபடியும் போய்விட்டாய். அண்ணியின் கால் கட்டைப் பிரித்தாகிவிட்டது என்று உன் அண்ணனே சொன்னார். உன் அத்தை மகன் ரத்தினசாமி செவ்வாய்தோறும் அங்கே வந்து சாப்பிட்டுப் போகிறாராம், நம் மகள் மைதிலி சென்னையிலிருந்து போன் செய்தபோது சொன்னாள். சாப்பிடட்டும். மனைவி போன பிறகு அவருக்கும் யார் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார் என்று மட்டும் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
மணியன்


குண்டடம்
9.11.2006

என் மதிப்புக்குரிய உங்களுக்கு,

சாரதாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள், முன்னால் அல்ல.

உங்கள் புது உத்தியோகத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். “ஏஞ் சாரதா, தனியாச் சிரிக்கறே?” என்று அண்ணி கேட்டார். “அவரு திருப்பூர் ஊட்டுல எலி புடிச்ச கதைங்க அண்ணி” என்று சொல்லி வைத்தேன். ரகசியம் என்னைத் தாண்டாது.

ரத்தினசாமி மச்சான் பதினோரு மணிக்கு வருவார், மூன்று மணி பஸ்ஸுக்குப் போவார். எழுதிவிட்டேன். முறை மாப்பிள்ளை என்று ஊரார் சொன்னது, எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது. எனக்கு இப்போது ஐம்பத்தாறு. அப்பா பி.ஏ. படித்தவர்தான் வேண்டும் என்று உங்களைப் பார்த்தார், நானும் சரி என்றேன். இன்னும் எத்தனை வருடம் இதையே எழுத வேண்டும்?

மச்சான் வேலை பார்ப்பது அங்கே திருப்பூரிலேயே, தரணீதரன் என்கிற சின்ன வயது முதலாளியின் துணிக்கடையில். அங்கேயும் யாரோ ஆள் தெரியாமல் வந்து மார்க் போடுகிறார்களாம். “கண்ணுக்குத் தெரியாத மாமியா ஒருத்தி வந்து போறா புள்ள, எந்தப் பக்கம் பாத்துக் கும்புடறதுன்னே தெரியல” என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வயதானவர்களைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அடுத்த மார்க் குறைந்தால் அவரைக் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். மூட்டை தூக்க அவருக்கு இடுப்பு கிடையாது. குடோன் என்றால் வேலையை விட்டு நிற்பதுதான்.

உங்களுக்கு அந்தக் கடை வந்தால், சொந்தக்காரர் இருக்கும் இடம் என்று சொல்லி வேண்டாம் என்றுவிடுங்கள். நான் உங்களிடம் அடிக்கடி எதையும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
சாரதாமணி


திருப்பூர்
17.11.2006

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் வந்த மறுநாளே அந்தக் கடை எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். எடுத்த பிறகு சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று என்னிடம் கேட்காதே.

ரத்தினசாமிக்கு என் முகம் தெரியும். ஆகையால் நான் சொந்தக்காரனாகவே போனேன். அதைவிட நல்ல மறைவு கிடையாது என்று பிறகு தோன்றியது. என்னைப் பார்த்ததும் ஒரு பெண்மணிக்குத் துணி காட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். “வாங்கண்ணா, வாங்க. வராதவரு வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க” என்று ஸ்டூல் போட்டு, டீ வரவழைத்தார். நான் ஒரு பனியனைக் காட்டியதும் குரலைத் தணித்துக்கொண்டு, “இது வேண்டாங்கண்ணா. ரண்டு தொவையல்ல சுருங்கிப் போயிரும். அடுத்த வாரம் நல்ல லாட்டு வருது, அப்ப வாங்க” என்றார். அண்ணா, அண்ணா என்று பேச்சுக்குப் பேச்சு அழைத்தார். எனக்குத் தம்பி யாரும் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு சேலை பார்க்கலாம் என்று அரக்கு நிறத்தில் ஒன்றைத் தொட்டேன். அவர் என் கையிலிருந்தே அதை வாங்கி மடித்து அப்பால் வைத்துவிட்டு, “சாரதாவுக்கு அரக்கு ஆகாதுங்கண்ணா. அவளுக்கு அந்தக் கலரே புடிக்காது” என்றார். பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

கல்யாணக் கூறை அரக்கு. அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் உனக்கு அரக்குதான் எடுத்திருக்கிறேன். உனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எப்போதிருந்து தெரியும்? இரண்டுக்கும் பதில் எழுது.

அவருடைய மார்க்கைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். குறையாக ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
மணியன்


குண்டடம்
29.11.2006

மதிப்புக்குரிய உங்களுக்கு,

நீங்கள் கேட்டதற்கு முன் ஒரு துக்கச் செய்தி. மச்சானுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று மார்க் வந்திருக்கிறது. முதலாளி அந்தத் தாளை அவரிடமே காட்டிவிட்டுக் குடோனுக்கு அனுப்பிவிட்டார். நேற்று வந்தவர் சாப்பிடவில்லை. “யாரு மனசு நொந்து போச்சோ தெரியல புள்ள. நா யாரையும் ஒண்ணுஞ் சொல்லலயே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நீங்கள் குறை எழுதவில்லை என்றீர்கள். உங்களுக்குப் பிறகு வேறு யாரோ போயிருக்க வேண்டும்.

இனி அரக்கு. எனக்கு அந்த நிறம் என்றைக்குமே பிடித்ததில்லை. கூறையை எடுத்தவர் அப்பா, அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள் முதல் தீபாவளிக்குச் சேலை எடுத்து வந்து, விளக்குக்குக் கீழே பிடித்து, கரை, முந்தானை, உடல் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, ஒரு குறை இல்லை என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பல வருடம் உடுத்தினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி கழிந்து, உங்களுக்குத் தெரியாமல் கடையில் மாற்றப் போனேன். மாற்றிக் கொடுக்கும் இடத்தில் ரத்தினசாமி மச்சான் புதிதாக வேலைக்குச் சேர்ந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். அப்போதிருந்துதான். அதன் பிறகு நீங்கள் எந்தக் கடையில் எடுத்தாலும் அவரே என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய் மாற்றிக் கொடுத்தார். பில்லை உங்கள் கோப்பிலிருந்து எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மாற்றியதற்கு முத்திரை இருக்கும், பாருங்கள்.

நீங்கள் அரக்குச் சேலை கொடுக்க, நான் பச்சையிலும் ஊதாவிலும் உங்கள் எதிரிலேயே பதினோரு வருடம் நடமாடினேன். எங்கே போனாய், யாரோடு பேசினாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். இது என்ன சேலை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அண்ணி நடக்க ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் இங்கே இருப்பது அதற்காக இல்லை. இங்கே வாசலைத் தாண்டினால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

சாரதாமணி


குண்டடம்
6.12.2006

உங்களுக்கு,

இத்தனை நாள் உங்களிடமிருந்து பதில் இல்லாதது ஏன் என்று நேற்றுத்தான் புரிந்தது. மச்சான் வந்து எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் முதலாளியிடம் போய், அந்த மார்க் போட்ட ஆள் நான்தான், பொறாமையில் குறைத்து எழுதிவிட்டேன் என்று சொன்னீர்களாமே. “எனக்காவ அண்ணன் இந்த வயசுல போயிப் பொய் சொல்லியிருக்காரு புள்ள” என்று சொன்னவர் நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டார். அவரைக் கடைக்கே திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் அந்த வேலையில்தான் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எவனோ எழுதியதை நீங்கள் எழுதியதாக ஏற்றுக்கொண்டு, வேலை போனாலும் போகட்டும் என்று வெளியே சொல்லியிருக்கிறீர்கள். பால்காரரிடம் தண்ணீர்ப் பால் என்று சொல்லவே மூன்று நாள் யோசிப்பவர் நீங்கள். உங்களைப் பற்றி நான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

வருகிற பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பல்லடம் வழியாக வரும் பஸ்ஸில் வருகிறேன். பத்து மணிக்குப் பழைய பேருந்து நிலையத்துக்கு வந்தால் போதும். இனி அங்கேதான் இருப்பேன்.

உங்கள்
சாரதா


திருப்பூர்
10.12.2006, ஞாயிறு

அன்புள்ள சாரதா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உங்கள் சாரதா என்று நீ எழுதி எத்தனை வருடம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

ரத்தினசாமி சொன்னது நடந்ததுதான். நான் தரணீதரனிடம் போனேன். நின்றபடியே சொன்னேன். அவர், “ஏனுங்கய்யா, நீங்கதான் அந்த ஆளுன்னு நா எப்படீங்க நம்பறது? ஏதாச்சும் கார்டு இருக்குதுங்களா?” என்றார். எங்களுக்குக் கார்டு கிடையாது. அறிக்கையில் இருந்த குறைகளை வரிசையாக ஒப்பித்தேன். “ரத்தினசாமியண்ணன்கிட்டக் காமிச்ச பேப்பர மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்க” என்று சிரித்தார். என் எதிரிலேயே கோவைக்குப் போன் போட்டார். பெயரை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு, “சொந்தத்துக்காவ இப்படி வந்து நிக்கறீங்களே, எனக்கு இப்படி ஒரு அண்ணன் இல்லீங்க” என்றார். அப்போதே ரத்தினசாமியைக் குடோனிலிருந்து கூப்பிட்டார். ரத்தினசாமி என் குடையை வாங்கிக்கொண்டு தெரு முனை வரை கூடவே வந்தார். இரண்டாம் முறை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாரதா, அந்த அறிக்கையை எழுதியது நான்தான். எனக்குப் பின்னால் வேறு யாரும் போகவில்லை. குறையாக ஒன்றும் எழுதவில்லை என்று உனக்கு எழுதியது பொய்.

அறிக்கையில் பொய் இல்லை. வேறு வாடிக்கையாளரைக் காத்திருக்க வைத்தாரா என்று கேட்டிருந்தது. வைத்தார் என்று எழுதினேன். கடைச் சரக்கை வாங்க வேண்டாம் என்று சொன்னாரா என்று கேட்டிருந்தது. சொன்னார் என்று எழுதினேன். தேவையற்ற சொந்தப் பேச்சு உண்டா என்ற இடத்தில், உனக்கு அரக்கு ஆகாது என்று அவர் சொன்னதற்காக, உண்டு என்று மட்டும் எழுதினேன். அவர் எனக்குச் செய்த ஒவ்வொரு நல்லதற்கும் ஒரு மார்க்கைக் குறைக்க அந்தத் தாளில் இடம் இருந்தது. நான் நிதானமாக, எழுத்துப் பிசகாமல் நிரப்பினேன். பொய் எழுதியிருந்தால் அவசரத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பயந்தவனுக்கு வருகிற பொறாமை இப்படித்தான் ஒழுங்காக இருக்கும் போலிருக்கிறது.

நேற்று முழுவதும், இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் நீ வருவாய். ரத்தினசாமிக்கும் தெரியாது. நான் பேசாமல் இருந்தால் போதும், எனக்கு மிகவும் பழகிய காரியம் அது. ஆனால் நீ வந்த பிறகு, நான் செய்யாத நல்லதற்காக என்னைப் பார்த்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பு வேறு யாருக்கோ உரியது என்று அதன் மேலும் எனக்குப் பொறாமை வரும். இப்போதும்கூட, செவ்வாயன்று அவர் என்னைப் புகழ்ந்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் தோன்றுகிறது. திருந்திவிட்டேன் என்று நான் எழுதினால் நம்பாதே.

கோவைக்கு எழுதி வேலையை விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் இருப்பேன். நீ இறங்கவில்லை என்றால், பதினோரு மணிக்கு அங்கிருந்து நேராக ரத்தினசாமியின் கடைக்குப் போவேன். அவரை மட்டும் தனியாக வெளியே அழைத்து, அன்று தெரு முனையில் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுவேன். அவர் இந்த முறை நம்பும்படி சொல்ல வேண்டும். நீ இறங்கினால் இருவரும் சேர்ந்தே போகலாம்.

மணியன்