குமாவுக்கு மொட்டை

மே 3, 1953
காலையிலேயே சுடும் வெயில். முற்றம் பெருக்கினேன். ஒரு முறம் நிறைய முடி, பஞ்சு மாதிரி. எல்லாம் குமாவுடையது. கொஞ்சம் எடுத்து மீசையாக ஒட்டிக்கொண்டு நைனா மாதிரி இருமிக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. நிலைமை மோசம்.

குமா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பட்டாளத்து டாக்டர் மாமா கொரியா சண்டையிலிருந்து திரும்பும்போது ஜப்பானில் வாங்கிவந்த பெண் நாய். அகிடா ஜாதி, கன்றுக்குட்டி உயரம். அங்கே குமா என்றால் கரடியாம். மாமா பூனாவுக்கு மாற்றலாகி, இதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வீட்டுக் கமலம்மா சுவர்மேல் எட்டிப் பார்த்தார். "இதி கஜ்ஜி, அம்மாயி. சொறி. முன்சிபாலிட்டி வண்டிக்காரன் பாத்தா இட்டுக்கினு பூடுவான்."

அந்த வண்டியில் போன நாய் எதுவும் திரும்பியதில்லை.

அம்மா திருமலை இருக்கும் பக்கம் கும்பிட்டாள். "ஏழுமலையானே, இது பொழைச்சா மொட்டை போட்டுடறேன்."

"யாருக்கும்மா?"

"அதுக்குத்தான். உனக்கா போடுவாங்க?"

மே 5
சாயங்காலம் புழுதிக்காற்று. மழை ஏமாற்றம்.

அம்மாவின் பல் போன மரச்சீப்பால் குமாவைச் சீவினேன். இரண்டு கோணிப்பை. ஒரு நாய்க்குள் இன்னொரு நாய் இருந்திருக்கிறது. அடிப்பஞ்சுதான் வருகிறது, மேல்முடி அப்படியே. தோல் சுத்தம். புண் இல்லை. மாமா சொன்னது சரி: வருஷத்துக்கு இரண்டு தடவை தானாகக் கழன்றுவிடும், சீவினால் போதும். மழிக்க மட்டும் கூடாது. மேல்முடிதான் வெயிலைத் தடுக்கும், எடுத்தால் தோல் வெந்துவிடும்.

ஈரக் கோணியில் படுக்கவைத்தேன். ராத்திரி மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழ், முழுக் குண்டான் காலி.

"பாத்தியா, பெருமாள் கண்ணைத் தொறந்துட்டாரு" என்றாள் அம்மா. சீப்புக்குப் பேரில்லை.

மே 6
தெருவில் மறுபடி கோஷம். எங்கள் சித்தூர் ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா. ஊரில் வாய் திறக்காத ஒரே ஜீவன் குமா.

அதுதான் என் பயம். இது குரைக்காது, உறுமாது. போன மாதம் பால்காரர் விளையாட்டாகக் கழுத்தைப் பிடித்தார். சுருண்டிருந்த வால் இறங்கி நேரானது, அவ்வளவுதான். "சாது" என்றார். அடுத்த நிமிஷம் அவர் தோள்துண்டு இரண்டு துண்டு. கத்தியோடு ஒருவர் கிட்டே போனால்? கடித்துவிட்டால் அதே முன்சிபாலிட்டி வண்டி.

"அது வியாதியே இல்லம்மா."

"வேண்டிக்கினா வேண்டிக்கினதுதான்."

நைனாவும் அந்தக் கட்சி. "பாவம், கம்பளி போத்திக்கினு கீது. எடுத்தா அதுக்கும் சொகம்."

"கம்பளி இல்ல நைனா, வெயிலுக்குக் கொடை."

"வந்துட்டா பெரிய டாக்டரு."

சனிக்கிழமை மாங்காய் மண்டி லாரியில் திருப்பதி. மலைக்கு நாய் ஏறக்கூடாது, அலிபிரி அடிவாரத்திலேயே மொட்டை. மாமாவுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். இரண்டு பேரும் முறைத்தார்கள்.

மே 9
அலிபிரி. மரத்தடியில் வரிசையாக மொட்டைகள், சந்தனம் ஈரமாக. படியேறுகிறவர்களின் கோவிந்தா சத்தம்.

"சாதுவா கீதே" என்று நாவிதர் முதுகில் தண்ணீர் தெளித்தார். வால் இறங்கியது.

"வேணாங்க, நிறுத்துங்க."

"பேசாம புடிச்சிக்கினு நில்லு" என்றார் நைனா.

கத்தி திறந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் தலை குனிய, இன்னொரு நாவிதர் கூந்தல் நுனியில் மூன்று தடவை கத்தரித்து அனுப்பினார். எனக்கு மூச்சு வந்தது.

"அம்மா, குமாவும் பொம்பளதானே? பொம்பளைக்கு மூணு கத்திரி போதுமே."

"மொட்டைன்னு வாய்விட்டு சொல்லிட்டேனேடி."

நாவிதர் கத்தியை மடித்தார். அவரும் வாலைப் பார்த்திருக்கிறார். "ஆடவாள்ளக்கி, பொம்பளைக்கு, அதுவே மொட்டை, அம்மா. தப்பு லேது."

அம்மா யோசித்தாள். மலைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டாள். சரி என்று தலையசைத்தாள்.

கத்தரியால் முதுகில் ஒன்று. தொடையில் ஒன்று. மூன்றாவதுக்குக் காதைப் பிடித்தார். அவர் மணிக்கட்டு குமா வாயில். சத்தமே இல்லை. எப்போது திரும்பியது என்று யாரும் பார்க்கவில்லை.

"இழுக்காதீங்க" என்றேன். நைனா கையில் எங்கிருந்தோ ஒரு கல். "குமா, வுடு." வீட்டில் சொல்கிற அதே குரலில். என்னைப் பார்த்தது. விட்டது. எச்சில் மட்டும், ரத்தம் இல்லை.

நாவிதர் கத்தரியைக் கீழே வைத்தார். "மூணாவது என்னால ஆவாது."

அம்மா அழ ஆரம்பித்தாள். கத்தரியை நான் எடுத்தேன். வால் இன்னும் நேராகத்தான். பிடரியில் ஒரு கொத்து. விழுந்தது. அம்மா முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.

வால் சுருண்டது. குமா தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. மிச்சப் பஞ்செல்லாம் காற்றில் எழுந்து, சந்தனம் காயாத மொட்டைகள்மேல் ஒவ்வொன்றாக இறங்கி ஒட்டிக்கொண்டது. இப்போதுதான் முடி கொடுத்தவர்களுக்கெல்லாம் மறுபடி முடி.

மொட்டைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. முதலில் லாரியை நோக்கி ஓடியவர் நைனா.